வட்டத் தகடு, கோதுமை, ஒன்று

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் பூசைச் சாமான்கள் இருநூற்றைம்பது வருஷம் பத்திரமாக இருந்தன. அதன் பிறகுதான் அவற்றைப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தார்கள்.

பிரெஞ்சுப் படை வந்தபோது எங்கள் ஆட்கள், நற்கருணை அப்பத்தை நடுவில் வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தைப் பேரிக்காய்ப் பீப்பாய்க்குள் ஒளித்தார்கள். ஜெர்மன் படை வந்தபோது பன்றிக்கொட்டிலில் புதைத்தார்கள். இரண்டு தடவையும் அது சேதமில்லாமல் திரும்பி வந்து பீடத்தில் உட்கார்ந்தது. மூன்றாவதாக வந்தவர்கள் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள், கையில் பட்டியல் வைத்திருந்தார்கள், மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். இவர்களிடமிருந்து எதையாவது ஒளிக்க வேண்டும் என்று எங்கள் மோல்டெர்பெக்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோவில் கூரை ஒழுகியதால் பூசை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. எதிரே காலியாகக் கிடந்த பழைய பங்குச் சாமியார் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நகரத்திலிருந்து டாக்டர் ஃபெர்பேக் என்ற அம்மாள் இயக்குநராக வந்தார். பொருள் பாதுகாப்புக்கு யோரிஸ் என்ற மெலிந்த மனிதர் வந்தார். தும்மல் வந்தால்கூடத் தோட்டத்துக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற என்னை வாசல் மேசையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவதும், மேசையில் ஒட்டியிருந்த பதினாறு விதிகளைக் காட்டுவதும் என் வேலை.

ஏழாம் விதி எனக்கு மனப்பாடம். "அரங்கினுள் உணவுப்பொருள் காணப்பட்டால், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், பதினைந்து நிமிடத்துக்குள் அகற்றப்பட வேண்டும். அகற்றிய உணவை உரியவர் தோட்டத்தில் உண்ணலாம்; உண்ணாதது மக்கும் குப்பைத் தொட்டியில் இடப்படும்." உணவு இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பூசை உடுப்பெல்லாம் போச்சு என்பது யோரிஸின் கணக்கு. மேயரின் மனைவி கைப்பையில் வைத்திருந்த இஞ்சி பிஸ்கோத்தைக்கூட அவர் இடுக்கியால் எடுத்து வெளியே கொண்டுபோனார்.

இனி கோயில்பிள்ளை செர்வாஸ். அறுபத்தெட்டு வயது. வாரத்தில் ஆறு நாள் பேரிக்காய் தரம் பிரிக்கும் யந்திரங்களைப் பழுது பார்த்தார், ஏழாம் நாள் கோவிலைப் பார்த்துக்கொண்டார். ஒன்பது வயதில் பீடத்தில் உதவிக்குப் போனபோது அன்றைய சாமியார் அவரிடம் சொன்ன முதல் பாடம், பூசையில் ஆண்டவராகவே ஆகிவிடும் நற்கருணை அப்பத்தைக் குருவானவர் கை தவிர வேறு கை தொடக்கூடாது என்பது. பிறகு ரோமாபுரியே மனம் மாறி, ஊர் முழுக்கக் கையில் வாங்கி உட்கொள்ள ஆரம்பித்தது. செர்வாஸ் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மணியைத் தொடுவார், பாத்திரத்தைத் துலக்குவார், எலிப்பொறியைக்கூடக் கையால் எடுப்பார். அதை மட்டும் தொடமாட்டார்.

எல்லா வினையும் இந்தப் பக்தியிலிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் ஜூனில் நற்கருணைத் திருவிழாவை மட்டும் கடைசித் தடவையாக எங்கள் கோவிலில் வைத்தார்கள். ஊரைச் சுற்றிப் பவனி முடிந்தது. காங்கோவிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் ஒன்பது கோவில்களைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த பாதர் குளோவிஸ், கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுத்து இறக்கிய கையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் கல்யாணப் பெண் அரை மணியாகக் காத்திருந்தாள். "உள்ள வச்சிடுங்க செர்வாஸ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பாத்திரத்தின் நடுவிலிருந்து அப்பத்தை எடுத்து நற்கருணைப் பேழைக்குள் வைக்கச் சொல்கிறார் என்பது வேறு யாருக்கும் புரிந்திருக்கும். தன்னைப்போய் ஒருவர் அப்படிச் சொல்வார் என்பதை செர்வாஸால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பாத்திரத்தை அப்படியே பட்டுத் துணியால் மூடி, உடுப்பறை அலமாரியில் வைத்துப் பூட்டி, முன்னால் ஒரு விளக்கும் ஏற்றி வைத்தார். வியாழக்கிழமை பாதர் வந்து எடுத்துவிடுவார் என்பது அவர் எண்ணம்.

திங்களன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் முழங்கால் மாற்று அறுவை. செவ்வாயன்று வெள்ளைக் கையுறைக்காரர்கள் வண்டியோடு வந்தார்கள், முறைப்படி விளக்கை ஊதி அணைத்தார்கள், அலமாரியைக் காலி செய்தார்கள்.

திறப்புவிழாவுக்கு செர்வாஸ் ஊன்றுகோலோடு, மனைவி மியெட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஃபெர்பேக் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, இந்த அரிய பொருள்கள் இத்தனை காலம் பெரும் ஆபத்தில் இருந்தன. என்ன ஆபத்து? இவை பயன்படுத்தப்பட்டு வந்தன. ஒரு கிண்ணத்தில் வாராவாரம் திராட்சைரசம் ஊற்றப்பட்டது. ஒரு தூபக்கலசத்துக்குள், சொன்னால் நம்பமாட்டீர்கள், நெருப்பு வைக்கப்பட்டது. பயன்பாடுதான் ஒரு பொருளின் முதல் எதிரி. இன்றோடு அந்த அவலம் முடிந்தது. இனி இவற்றை யாரும் எதற்கும் பயன்படுத்த முடியாது என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்."

நாங்கள் கைதட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டா தட்டுகிறோம்.

செர்வாஸ் நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியை நெருங்கினார். கதிர்ப்பாத்திரம் விளக்கொளியில் நின்றது. கீழே சிறு அட்டை: "114-அ: கதிர்ப்பாத்திரம், வெள்ளி, பொன்முலாம். 114-ஆ: வட்டத் தகடு, கோதுமை, ஒன்று." அட்டையைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் விழுந்தார். நற்கருணை பேழைக்குள் மூடியிருந்தால் ஒரு முழங்கால், கண்ணுக்குத் தெரிய இருந்தால் இரண்டு முழங்கால் என்பது பழைய முறை. அவர் பழைய மனிதர். அறுவை முடிந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

மேயர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். யோரிஸ் ஓடிவந்து தரையைச் சோதித்தார்.

மறுநாள் பாதர் குளோவிஸ் வந்தார். மனிதரின் முகம் செத்துப்போயிருந்தது. "தப்பு என்னோடதுதான் மேடம். ஒரே நிமிஷம் பெட்டியைத் திறங்க. நான் அதை உட்கொண்டுட்டுப் போயிடறேன்."

"எதை, பாதர்?"

"அந்த அப்பத்தை."

டாக்டர் ஃபெர்பேக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "அதுக்குப் பதிவெண் குடுத்தாச்சே. பதிவெண் விழுந்த பொருளை விடுவிக்கணும்னா படிவம் எழுதணும். குழு கூடணும், மாகாணத்துக்குப் போகணும், ஆட்சேபம் கேட்டு அறிவிப்புப் போடணும். ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்."

பாதர் படிவத்தை வாங்கினார். "பொருளை விடுவிக்கும் நோக்கம்" என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: கண்காட்சி, ஆய்வு, பழுதுபார்த்தல், புகைப்படம். அவர் அடியில் ஒரு கோடு இழுத்து, தெளிவான கையெழுத்தில் "உண்பதற்கு" என்று எழுதிக் கொடுத்தார்.

குழு கூடியது. பேச்சை எழுதிவைக்க என்னைக் கூப்பிட்டார்கள், அதனால் சொல்கிறேன். அருங்காட்சியகப் பொருளைத் தின்பது பற்றி மூன்று மணி நேரம் விவாதம். கடித்துத் தின்பாரா, விழுங்குவாரா என்று யோரிஸ் கேட்டார். நாக்கில் கரையவிடுவேன் என்றார் பாதர். யோரிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஃபெர்பேக் விட்டுக்கொடுக்கும் குரலில் சொன்னார்: "பாதர், உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம். அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றோம். அதைச் சாப்பிட்டுக்குங்க."

"அதே மாதிரி என்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு மேடம். கன்னியர் மடத்துலேருந்து ஐநூறு ஐநூறா வருது."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

"மாவு ஒண்ணுதான். ஆனா இது பூசையில வசீகர வார்த்தை சொல்லி அர்ச்சிச்சது. இதுல இருக்கிறது அவரு."

"யாரு?"

பாதர் மேலே கையைக் காட்டினார். மேலே ஈரப்பதம் காட்டும் கருவி இருந்தது. டாக்டர் ஃபெர்பேக் யோரிஸைப் பார்த்தார். யோரிஸ் அடுத்த வாரமே 114-ஆவை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்து, பதினோரு பக்க அறிக்கை கொடுத்தார்: கோதுமை மாவு, தண்ணீர், வேறு எதுவும் காணப்படவில்லை.

"அப்படித்தான் வரும்" என்றார் பாதர்.

ஆயர் இல்லத்துக்கு எழுதினார்கள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பத்தின் தோற்றம் இருக்கும்வரை ஆண்டவரின் பிரசன்னமும் இருக்கும். அது பூசணம் பிடித்துச் சிதைந்தால் பிரசன்னம் நீங்கிவிடும். ஆகவே அருங்காட்சியகத்தோடு மோதாமல் பொறுமையாகக் காத்திருப்பது விவேகம். கடிதத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அத்தனை பேர் சேர்ந்தால்தான் அவ்வளவு பொறுமை வரும்போலிருக்கிறது.

செர்வாஸ் யோரிஸிடம் போய்க் கேட்டார்: "தம்பி, இது பூசணம் பிடிக்க எத்தனை நாளாகும்?"

யோரிஸ் ரொம்பவும் மனம் புண்பட்டுவிட்டார். "பூசணமா? என் பெட்டியிலயா? பதினெட்டு டிகிரி, ஈரப்பதம் நாப்பது, உள்ள காத்துக்குப் பதிலா நைட்ரஜன். முந்நூறு வருஷத்துக்கு ஒரு புள்ளி விழாது ஐயா. எழுதியே தர்றேன்."

அன்றைக்கு செர்வாஸ் என் மேசைக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அவரு ராத்திரியெல்லாம் தனியா இருக்காரு வாத்தியாரே" என்றார். "இருட்டுல. நான் பூட்டின அலமாரியிலேருந்து போனவரு. அன்னைக்கு நான் எடுத்து வச்சிருந்தா போயிருக்கமாட்டாரு." அந்த மனிதர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கோவில் பக்கம் அவ்வளவு போக்குவரத்து கிடையாது. ஆனாலும் யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது.

நற்கருணை இருக்கும் இடத்தில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கையாவது பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்தார். சுடர் கூடாது, விதி மூன்று. மின்விளக்கு வைக்கலாமா என்றார். ஒளியளவு கூடிவிடும், விதி நான்கு. கடைசியில் கோவிலின் பழைய விளக்கையே கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். அது எரியவில்லை. அடியில் ஓர் அட்டை வைத்தார்கள்: "இவ்விளக்கு இடைவிடாது எரிவது வழக்கம்."

அதன் பிறகு, அறுவையோடு யந்திர வேலையை விட்டிருந்த செர்வாஸ் ஒரு காரியம் செய்தார். அரங்கக் காவலராக, சம்பளமில்லாமல், தன் பெயரைக் கொடுத்தார். பெட்டிக்குள் இருக்கிறவரைத் தனியாக விடக்கூடாது என்பது செர்வாஸின் எண்ணம். நல்ல தொண்டர் கிடைத்தார் என்பது இவர்கள் எண்ணம். வேலை எளிதுதான். அரை மணிக்கொரு தடவை கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஈரப்பதக் கருவியைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். ஆனால் அங்கே போக நடுக்கூடத்துப் பெட்டியைக் கடக்க வேண்டும். போகும்போது இரண்டு முழங்கால், வரும்போது இரண்டு முழங்கால். மனிதர் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

மியெட் ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யோவ், புது முட்டி போட்டு மூணு மாசம் ஆகலை. டாக்டரு மாடிப்படியே ஏறாதேன்னாரு. நீ என்னடான்னா ஒரு நாளைக்கு முப்பது தடவை விழுந்து எந்திரிக்கிறே. அந்த முட்டி கழண்டு வந்துச்சுன்னா அதுக்கும் ஒரு நம்பர் போட்டு உள்ள வச்சிடுவாங்க, பாத்துக்க."

"அவரு முன்னாடி எப்படி மியெட் சும்மா நடந்து போறது?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போ."

"அவரு கண்ணு திறந்திருக்குமே."

மியெட் தலையில் அடித்துக்கொண்டாள். வலிக்குத் தடவும் களிம்பை அவர் கோட்டுப் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

பார்க்க வந்தவர்கள் இந்த மண்டியிடுதலைக் கவனிக்காமல் இருப்பார்களா? கீழிருந்து பார்த்தால்தான் பொருள் சரியாகத் தெரியும் போலிருக்கிறது என்று சிலர் குனிந்தார்கள். டச்சுக்காரத் தம்பதி ஒன்று மண்டியிட்டுப் படமெடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து கருத்துக்கணிப்பு நடத்தினாள். அருங்காட்சியகத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்ற கேள்விக்குப் பாதிப்பேர் எழுதிய பதில்: "விழுந்து எழும் முதியவர்."

டாக்டர் ஃபெர்பேக்கின் முகத்தில் அன்று வந்த ஒளி, எரியாத அந்த விளக்குக்கே போதுமானதாக இருந்தது. செர்வாஸை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஐயா, நீங்க செய்யறது என்னன்னு உங்களுக்கே தெரியாது. அது தொட்டுணர முடியாத மரபு. அழிஞ்சுட்டு வருது. நாங்க அதைப் பாதுகாக்கப் போறோம்."

"என்னம்மா செய்யணும்?"

"முதல்ல, இஷ்டத்துக்குச் செய்யறதை நிறுத்தணும்."

இனிமேல் மண்டியிடுதல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் மட்டும் என்று அறிவிப்புப் பலகை வந்தது. தரையில் முழங்கால் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டினார்கள். செர்வாஸுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மரபு அறுந்துபோகக் கூடாதே என்று இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பல் வைத்தியர் ரெய்மோன். கடவுள் இல்லை என்பதில் ஊரிலேயே மிக உறுதியானவர். ஆனால் முதுகு வளையாமல் அழகாக இறங்கினார் என்று பயிற்சி அறிக்கையில் அவருக்குத்தான் முதலிடம்.

"மத்த நேரத்துல நான் எப்படிப் போறது?" என்று செர்வாஸ் கேட்டார்.

"சாதாரணமா நடந்து போங்க ஐயா. அடிக்கடி செஞ்சா அதோட மதிப்புக் குறைஞ்சிடும்."

அவர் தலையாட்டினார். அன்றைக்கே கூடத்தைச் சுற்றி வேறு வழி கண்டுபிடித்தார்: பின்வாசல் வழியாக வெளியே போய், தோட்டத்தைச் சுற்றி, கரி அறை ஜன்னல் வழியாக ஏறி, ஈரப்பதக் கருவிக்குப் பின்னால் இறங்கினார். புது முழங்காலோடு. மண்டியிடுவதைவிட இது மோசம் என்று மியெட் என்னிடம் வந்து கத்தினாள். விஷயம் இப்படியே போயிருந்தால் முந்நூறு வருஷமும் போயிருக்கும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி. வீட்டில் சாப்பாட்டை மறந்து வந்துவிட்ட கணவருக்காக, மியெட் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக நடுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நான் தடுத்தேன்; அவளை ஜெர்மன் படைகூடத் தடுத்திருக்க முடியாது. யோரிஸ் இடுக்கியோடு ஓடிவந்தார்.

"அம்மா, உணவு உள்ள வரக்கூடாது. ஏழாம் விதி."

"ஏன்? ரொட்டி என்ன கடிக்கவா போவுது?"

"பூச்சி வரும்மா. ரொட்டித் துணுக்கு ஒண்ணு போதும். கோதுமைன்னா அதுங்களுக்கு உசிரு."

மியெட் சட்டென்று நின்றாள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அட்டையில் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். "வட்டத் தகடு. கோதுமை. ஒண்ணு." திரும்பினாள். "அப்ப இது என்னய்யா?"

"அது பொருள்மா."

"கோதுமையும் தண்ணியும், வேற எதுவுமில்லைன்னு பதினோரு பக்கம் எழுதினது நீங்கதானே? எங்க ஊருல அதுக்கு ரொட்டின்னு பேரு. என் ரொட்டிக்குப் பதினஞ்சு நிமிஷம், உங்க ரொட்டிக்கு அஞ்சு மாசமா?"

யோரிஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் நேர்மையான மனிதர், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் அறிக்கையை எடுத்து வந்தார். ஏழாம் விதியைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

டாக்டர் ஃபெர்பேக் மாடியிலிருந்து இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மாசம். பூசை உடுப்பு இருக்கிற கூடத்துல, உணவு. மாகாணத்துக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது. யோரிஸ், இப்பவே அகத்துங்க."

"குழு வேண்டாமா மேடம்?" என்று நான் கேட்டேன். குறும்புதான்.

"உணவுக்கு எதுக்குக் குழு? விதியைப் படிங்க. எவருடைய அனுமதிக்கும் காத்திராமல்."

இரண்டு வருஷம் ஆகும் என்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது யோரிஸ் பெட்டியின் பூட்டைத் திறந்தபடி விதியின் அடுத்த வரியை உரக்கப் படித்தார்: "உண்ணாதது மக்கும் குப்பைத் தொட்டியில் இடப்படும்." சிரிப்பு நின்றது. தோட்டத்து மூலையில் இருந்த பச்சைத் தொட்டியை எல்லாருமே ஒரு தடவை திரும்பிப் பார்த்தோம்.

தூரத்தில் கரி அறை ஜன்னலிலிருந்து ஒரு காலை உள்ளே போட்டிருந்த செர்வாஸ் அப்படியே நின்றார். "குப்பையா?"

"விதி ஐயா. உரியவர் வந்து சாப்பிட்டா குப்பைக்குப் போகாது. யாரு உரியவரு? பாதர்தானே? இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."

என் போனிலிருந்துதான் அடித்தோம். பாதர் குளோவிஸ் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கல்லறைத் தோட்டத்தில், சவப்பெட்டி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கிசுகிசுத்தார். நான் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"செர்வாஸ், நீங்களே உட்கொள்ளுங்க."

"நானா? பாதர், யாரு என் நாக்குல வைக்கிறது?"

"யாரும் வேணாம். கையால எடுங்க."

"என் கையாலயா?"

"உங்க கையாலதான்."

"பாதர், இந்தக் கை கிரீஸ் டப்பாவுக்குள்ள கிடந்த கை."

அந்தப் பக்கம் மண் விழும் சத்தம் கேட்டது. "அவரு தச்சு வேலை பாத்தவரு செர்வாஸ்" என்றார் பாதர். "ஒண்ணும் நினைக்கமாட்டாரு. சீக்கிரம்."

யோரிஸ் இடுக்கியை நீட்டினார். செர்வாஸ் அதைத் தள்ளிவிட்டார். கைக்குட்டையால் இரண்டு கையையும் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பெட்டிக்கு முன்னால் இரண்டு முழங்காலும் பட இறங்கினார், பதினோரு மணியும் இல்லாமல் மூன்று மணியும் இல்லாமல். பிறகு எழுந்து, கதிர்ப்பாத்திரத்தின் நடுக்கண்ணாடியைத் திறந்து அதை எடுத்தார். ஐம்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மறு கையைக் கீழே ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தோட்டத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கடைசியாக, பதிவேட்டோடு டாக்டர் ஃபெர்பேக். யாரும் சொல்லாமலே ஒரு பவனி ஆகிவிட்டது.

இலை உதிர்ந்த பேரிமரத்தடியில் நின்று அவர் அதை வாயில் வைத்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. அது முறுகிப்போயிருந்தது என்றும், தூசி ருசி அடித்தது என்றும் பிறகு சொன்னார். அப்போது கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை, கையைத் துணியில் வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

யோரிஸ் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: "உணவு, ஒன்று. பதினான்காம் நிமிடத்தில் தோட்டத்தில் உண்ணப்பட்டது. துணுக்குகள் இல்லை."

மியெட் கணவரின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, பாலாடைக்கட்டி ரொட்டியை மடியில் வைத்தாள். "இதை ஜூன் மாசமே தொட்டிருந்தா, மனுஷா, இத்தனை கூத்தும் இல்லை."

"ஆமா" என்றார் செர்வாஸ். "கை ஒண்ணும் ஆகலை, பாரேன்."

எட்டு நாள் கழித்து, ஞாயிறு பதினோரு மணிக்கு மாகாணத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். தொட்டுணர முடியாத மரபைப் பார்த்து, பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவெடுக்க. கதிர்ப்பாத்திரத்தின் நடுவில் பிசினால் செய்த வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. யோரிஸே மூன்று இரவு உட்கார்ந்து செய்தது, அசலைப் பார்த்தவர்கள்கூட ஏமாந்துபோவார்கள். அட்டையில் "கோதுமை" என்ற சொல்லை மட்டும் மாற்றியிருந்தார்கள். பல் வைத்தியர் ரெய்மோன் சரியாகப் பதினோரு மணிக்கு வட்டங்களின்மேல் முழங்காலை வைத்து, கண்ணை மூடி, அழகாக இறங்கினார். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து செர்வாஸ் நோட்டும் பென்சிலுமாகக் கூடத்துக்குள் வந்தார். எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியை நேராகக் கடந்து, சீட்டியடித்துக்கொண்டு, ஈரப்பதக் கருவியைப் பார்த்து எழுதிவிட்டு, அதே வழியில் திரும்பி நடந்தார்.

டாக்டர் ஃபெர்பேக் பின்னாலேயே ஓடிவந்து என் மேசைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தார். "ஐயா, என்ன இது? அவங்க உங்களைப் பாக்கத்தானே வந்திருக்காங்க. முழங்கால் வலியா?"

"இல்லையே. நல்லா இருக்கு."

"அப்ப ஏன் மண்டி போடலை?"

"இப்ப உள்ள யாரும் இல்லையேம்மா."

"எல்லாம் அப்படியேதானே ஐயா இருக்கு. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாக்கூட ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

செர்வாஸ் குனிந்து தன் வலது முழங்காலை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"இதுக்குத் தெரியுதும்மா" என்றார்.